செல்லசாமியின் கிளினிக் துண்டு

அனுப்புநர்:
த. ஜீவராணி,
தோட்ட மருத்துவமாது,
ரோஸ்கில்டன் தோட்டம்,
டயகம.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை,
நுவரெலியா.

விடயம்: மருத்துவமாதின் கடமையில் சேராத வேலைகளிலிருந்து வரும் வியாழக்கிழமைக்கு முன் என்னை விடுவிக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆண் தொழிலாளி ஒருவருக்குக் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் துண்டு கொடுத்தது ஏன் என்று எங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள் எழுத்தில் விளக்கம் கேட்டுள்ளார். கொடுத்தது உண்மை. அவர் பெயர் செல்லசாமி, வயது ஐம்பத்தேழு. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி அவர் காலில் இறங்கிவிட்டது. 'எத்தனையாவது கர்ப்பம்' என்ற இடத்தில் நான் கோடு போட்டிருந்ததையும் மறைக்கவில்லை.

2. தோட்ட டிஸ்பென்சரியில் இருந்த வைத்திய உதவியாளர் திரு. யோகேஸ்வரன் ஓய்வுபெற்றுப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ஆள் வரும்வரை வைத்திருக்கும்படி தோட்டத் துரை மருந்து அலுமாரிச் சாவியை என் கையில் கொடுத்தார். ஆள் வரவில்லை. அன்றிலிருந்து காய்ச்சல், குளவிக் கொட்டு, வெட்டுக்காயம் எல்லாம் என் வாசலுக்குத்தான் வருகின்றன. நான் படித்தது கர்ப்பிணிகளையும் பிரசவத்தையும் பச்சைப் பிள்ளைகளையும் பார்ப்பதற்கு. ஐம்பத்தேழு வயது ஆணின் பாதத்தைத் தைப்பதற்கு அல்ல. தைக்கவுமில்லை, கழுவிக் கட்டி, லொறியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

3. எங்கள் தோட்டத்தில் டிஸ்பென்சரித் துண்டு இல்லாமல் வேலைக்கு வராமல் நின்றவருக்கு, மறுநாள் காலை ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் வேலை கொடுப்பதில்லை. நோய்த் துண்டில் கையெழுத்திட எனக்கு அதிகாரம் இல்லை. என் கையெழுத்துச் செல்லும் ஒரே துண்டு, தாய்மார் கிளினிக் துண்டு. "மிஸி, எந்தத் துண்டுன்னாலும் பரவாயில்லைங்க, எழுதிக் குடுங்க" என்று லொறியில் படுத்தபடியே அவர் கேட்டார். எழுதினேன். தோட்ட அலுவலகத்தில் அதை வாசிக்காமலே ஏற்றுக்கொண்டார்கள்.

4. இந்த வேலை என்னுடையதல்ல என்று துரைக்கு இருமுறை எழுதினேன். இஷ்டமில்லாவிட்டால் குவாட்டர்ஸைக் காலி செய்யலாம் என்று பதில் வந்தது. இந்த வேலையைச் செய்தால் உங்கள் தரப்பில் விசாரணை. செய்யாவிட்டால் தோட்டத்தில் இருக்க இடமில்லை. சம்பளம் கொடுப்பவர் ஒருவர், விளக்கம் கேட்பவர் இன்னொருவர். நடுவில் நான் நசுங்கிக்கொண்டிருக்கிறேன், ஐயா.

5. யாரும் கேட்காத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமை நான் மேல்பிரிவு லய வீடுகளுக்கு ஏறிக் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். கடந்த ஆவணியில் இரண்டு வியாழக்கிழமைகள் ஏறவில்லை. முதல் வியாழன் குளவி கொட்டிய பதினொரு பேர் டிஸ்பென்சரிப் படியில் இருந்தார்கள். அடுத்த வியாழன் காய்ச்சல்காரர்கள். அந்த இரண்டு கிழமையில் மேல்பிரிவில் எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்த பிரியந்திக்கு இரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்தது. பிரியந்தி பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. அவளைப் பார்ப்பதுதான் என் வேலை. செல்லசாமியின் துண்டுக்கு விளக்கம் எழுத எனக்குக் கை கூசவில்லை. இதை எழுதக் கூசுகிறது.

6. இப்போது பிரியந்தி இருக்கும் அதே லயத்தில் ஷாமிலாவுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. அவளுடைய அழுத்தத்தைக் கிழமைதோறும் தவறாமல் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கிழமையிலிருந்து வியாழனிலும் டிஸ்பென்சரியைத் திறந்து வைக்க வேண்டும் என்று துரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு கடிதங்களின் பிரதிகளையும் இணைத்துள்ளேன்.

7. ஆகவே, ஒரு மருத்துவமாது எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதைத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து, அலுமாரிச் சாவியை நான் யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தபால் தாமதமாகும் என்பதால் இம்மனுவை ஆள் மூலம் அனுப்புகிறேன்.

வியாழன் காலை ஏழு மணிக்குப் பெரட்டு முடியும். அதற்குள் தங்கள் பதில் கிடைக்காவிட்டால், சாவியை டிஸ்பென்சரிக் கதவிலேயே விட்டுவிட்டு மேல்பிரிவுக்கு ஏறிவிடுவேன். அதற்கான விளக்கத்தையும் கேட்கும்போது எழுதித் தருகிறேன்.

இடம்: டயகம
திகதி: 21.10.2024

இங்ஙனம்,
த. ஜீவராணி
(தோட்ட மருத்துவமாது)