தெற்குச் சுவரின் ஆறு வரிகள்

ஜனவரி 20, செவ்வாய்

பனி. ஸ்வெட்டரை இன்றைக்கென்று பார்த்து ஊறப்போட்டேன், புத்தி கெட்டவள். மூன்றாமாண்டு வரலாற்று வகுப்பில் மொத்தம் ஐந்து பேர். மற்றவர்கள் குரூப் ஃபோர் கோச்சிங். புராஜெக்ட் தலைப்புக்கு மேடம் சரி சொல்லிவிட்டார்: எங்கள் குலதெய்வக் கோயில் தெற்குச் சுவர்க் கல்வெட்டு. ஆறே வரி. யாரும் இதுவரை படி எடுத்ததில்லை. நான்தான் முதல்!

ஹாஸ்டலுக்கு ஓடிவந்து ரூம்மேட்டிடம் சொன்னேன். அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ். "சரிங்க கல்வெட்டம்மணி" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சிரித்தேன். அப்புறம் பேச ஆளில்லை.

ஜனவரி 22, வியாழன்

தேவை: தாள், பிரஷ், வாளி. மை டிபார்ட்மென்டில் உண்டு. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, மேலே மை ஒற்றினால் எழுத்து வந்துவிடும்.

கேன்டீனில் தனியாகப் பரோட்டா. குருமா ஒரே உப்பு.

அப்பாவுக்கு போன். கும்பாபிஷேகத் திருப்பணிக் கமிட்டியில் இருக்கிறார், நிற்க நேரமில்லை. சனிக்கிழமை வருகிறேன் என்றேன். கல்வெட்டு விஷயத்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம். கோயிலில் எனக்கு ஒன்று வைத்திருக்கிறாராம், என்னவென்று சொல்ல மாட்டாராம்.

ஜனவரி 24, சனி

வெள்ளகோவில் பஸ்ஸில் ஜன்னல் சீட். மடியில் வாளி. இறங்கி நேராகக் கோயிலுக்கு.

சுவர் முழுக்கக் கிரானைட். தெற்குச் சுவரும்.

அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கல்வெட்டு இருந்த இடத்தில் கறுப்புப் பலகை, தங்க எழுத்து. உபயம் என்று அப்பா பெயர். கீழே என் பெயர், பக்கத்தில் பி.ஏ. வரலாறு. நான் இதில் சேர்ந்ததிலிருந்து யார் கேட்டாலும் "காலேஜ் போறா" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் மனிதர். இன்றைக்குப் பங்காளிகளிடம், "நம்ம சனத்துல வரலாறு படிச்ச மொதப் புள்ளைங்க" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார்.

இங்கே எழுத்து இருந்ததே என்று கேட்டேன்.

"அந்தப் பழசா? மேடுபள்ளமா இருந்தா கிரானைட் புடிக்காதுன்னாங்க கண்ணு. கொத்திப்போட்டோம். இப்பப் பாரு, எழுத்து எத்தன தெளிவா இருக்குதுன்னு."

அத்தனை சொந்தத்தில், என்ன போயிற்று என்று சொன்னால் புரிகிற ஆள் ஒருவரில்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்குதுங்கப்பா."

பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து போட்டோ எடுத்தார். வாளியைக் கீழே வைக்கச் சொன்னார். வைத்தேன்.