கஸ்தூரி மஞ்சள் அல்ல

வியாழன், இரவு பதினொன்றரை.

மகள் நளினிக்கு நாளைக் காலை தஞ்சோங் பகாரில் நேர்காணல். வேலை போன எட்டு மாதத்தில் அவளைக் கூப்பிட்டிருக்கும் முதல் அலுவலகம் இதுதான். "முகம் ரொம்ப டல்லா இருக்குப்பா. அம்மா அரைப்பாங்களே, அந்தக் குளியல் பொடி செஞ்சு குடுங்களேன்" என்று முந்தாநாள் கேட்டாள். மறைந்த மனைவி எழுதிவைத்த சீட்டைப் பார்த்து, பயற்றம்பருப்பு, பூலாங்கிழங்கு, காய்ந்த ரோஜா இதழ் எல்லாவற்றையும் நிறுத்துத்தான் அரைத்தேன்.

தவறு மஞ்சளில். தேக்கா சந்தைக் கடையில் கஸ்தூரி மஞ்சள்தான் கேட்டேன். கொடுத்த பொட்டலத்தில் சமையல் மஞ்சளின் வாசம் வந்தது. எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். என் மூக்கைத்தான் சந்தேகப்பட்டேன். கேட்காமல் வந்துவிட்டேன். கஸ்தூரி மஞ்சள் தோலில் ஒட்டாது. இது ஒட்டிவிட்டது.

இன்று மாலை குளித்து வந்தவள் கண்ணாடியைப் பார்த்தாள். "என்னப்பா இது, மாரியம்மன் மாதிரி இருக்கேன்லா! வேலை குடுப்பாங்களா, கற்பூரம் காட்டுவாங்களா?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

தேங்காயெண்ணெயைப் பஞ்சில் தொட்டு மூன்று முறை துடைத்தோம். "போயிடுச்சாப்பா? உண்மையைச் சொல்லுங்க."

காதோரம் இன்னும் மஞ்சள் இருந்தது. அவள் மிகவும் களைத்திருந்தாள். போய்விட்டது என்றேன்.

கடையில் வாயைத் திறக்காதவன் வீட்டிலும் உண்மையைச் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். எண்ணெயும் பஞ்சும் மேசைமேல் இருக்கின்றன. அவள் கண்ணாடி பார்ப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.