மூடி திறந்தே இருக்கட்டும்

மே 9, 2000, செவ்வாய்

பழைய டீசல் எஞ்சினை இன்று படகிலிருந்து தூக்கிவிட்டார்கள். பட்டறையின் பழைய ஆள் நாகையா அதைத் தடவிக் கொடுத்துவிட்டு, கிழ மாட்டை விற்க வந்தவன் போல நின்றான். எஞ்சின் இருந்த இடம் முழுக்கப் பல வருட எண்ணெய். கழுவிய பிறகுதான் டீ என்றேன். முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். என் வீட்டுக்காரர் இருந்தபோதும் கோவிந்தசாமி பட்டறையில் அழுக்குப் படகுக்கு யாரும் வர்ணம் அடித்ததில்லை, அவர் போன பிறகும் அடிக்க விடமாட்டேன்.

தீவு ஓட்டலுக்கு அரிசி, ஆட்கள் எல்லாம் ஏற்றிச் செல்லும் வேலைப் படகு இது. புகையும் சத்தமும் இல்லாமல் வேண்டும் என்று ஓட்டல்காரர் கேட்டிருக்கிறார். என் இளைய மகன் தேவேந்திரா சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீசியன் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிறான். பாரம் தூக்கும் வண்டியின் மோட்டார், வரிசையாகப் பாட்டரிகள், தூரப் போவதற்கு ஒரு சின்ன டீசல் ஜெனரேட்டர். இன்று எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்தான். "சார்ஜ் ஏறும்போது பாட்டரியில இருந்து ஒரு வாயு வரும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கெடையாது. அதனால பாட்டரி அறை மூடி தொறந்தே இருக்கணும். காத்தை வெளிய தள்ற விசிறி சிட்னியில இருந்து வர்ற வரைக்கும் இதுதான் சட்டம். கிட்ட யாரும் சிகரெட் பத்தவைக்கக் கூடாது, நாகையா அங்கிள்."

நாகையா பீடிக்கட்டை எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டான். "நீங்களே வச்சிக்கிங்க அம்மா. உங்ககிட்ட இருந்தா எமன் வந்தாலும் எடுக்க முடியாது."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மே 19, வெள்ளி

தலைநகர் சுவாவில் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து பிரதமரையும் மற்றவர்களையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இந்தியர்களின் கடைகள் எரிகின்றன என்று ரேடியோ சொல்கிறது. திரும்பவுமா.

மே 21, ஞாயிறு

எண்பத்தேழில் முதல் தடவை இப்படி ஆட்சியைப் பறித்தபோது மூத்தவன் சுரேந்திரா இரண்டே வருடம் என்று சொல்லிவிட்டு கனடா போனான். அப்பாவின் தகனத்துக்கு வந்தான். ஐந்து நாள் இருந்தான். அவன் பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கை குலுக்கின.

தேவாவும் போனால்?

ஜூன் 4, ஞாயிறு

பக்கத்து ஊரான பாவில் என் சிநேகிதி ப்ரேமிலாவின் குடும்பம் கடையைப் பலகை அடித்து மூடிவிட்டது. கோயிலில் இன்று பாதி வரிசை காலி. இருப்பவர்களும் சாமியைப் பார்க்கவில்லை, ஆக்லாந்தா பிரிஸ்பேனா என்றுதான் பேசுகிறார்கள்.

சாப்பாட்டு மேசையில் உர்மிளா ஆரம்பித்தாள். என் மருமகள், லௌதோக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குத் தமிழ் வராது. ஹிந்தியில் அவள் பொரிந்ததை நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன். "விசா வந்து ரெண்டு மாசமாச்சு. நர்ஸுன்னா நியூசிலாந்துக்காரன் கதவைத் தொறந்து வச்சிக்கிட்டு நிக்கிறான். நாம இங்க படகுக்குப் பாட்டரி மாட்டிக்கிட்டு இருக்கோம்."

தேவா தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "இந்த போட் ஓடட்டும். ஓட்டல்காரன் இன்னும் மூணு போட் மாத்தத் தரேன்னிருக்கான். ஓடினா இருக்கலாம், ஓடலைன்னா போகலாம். அதுக்கப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்."

உர்மிளா என்னைப் பார்த்தாள். நான் தயிரைப் பரிமாறினேன்.

ஓட வேண்டும். ஓடியே ஆக வேண்டும்.

ஜூன் 20, செவ்வாய்

விசிறி வராது. துப்பாக்கிக்காரர்களைக் கண்டித்து, சிட்னி துறைமுகத் தொழிலாளர்கள் நம் நாட்டுக்குச் சரக்கு ஏற்ற மறுக்கிறார்களாம். எங்களுக்காகத்தான் மறுக்கிறார்கள், எங்களுக்கு நல்லது செய்கிறார்களாம்.

பக்கத்துச் சவேனியில் நேற்று ஒருவரின் டிராக்டரிலிருந்து பாட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸுக்குச் சொன்னதற்கு, வண்டி இல்லை, நீங்கள் வந்து எங்களை அழைத்துப் போங்கள் என்றார்களாம்.

ஜூலை 8, சனி

மலையில் மொனசாவு அணையைப் பிடித்துக்கொண்டார்கள். மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது, எங்கள் பக்கத்துக்கு இரவில் மட்டும். வரும்போது வேகமாக ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று தேவா சார்ஜரை மாற்றி அமைத்திருக்கிறான்.

அடுத்த ஞாயிறு ஆடி பிறக்கிறது. ஆடியில் நல்ல காரியம் தொடங்க மாட்டேன். வெள்ளிக்கிழமை பூஜை, சனிக்கிழமை நீர் ஏறும்போது படகை இறக்கல் என்று சொல்லிவிட்டேன். தேவா, "அம்மா, இன்னும் ஒரு வாரம் குடுங்க" என்றான்.

"ஒரு வாரம் கிடையாது, ஒரு மாதம் ஆகிவிடும்" என்றேன். ஒரு மாதம் உர்மிளா காத்திருப்பாளா?

ஜூலை 13, வியாழன்

பிணைக்கைதிகளை விடுவித்துவிட்டார்கள். ரேடியோவை வைத்துக்கொண்டு நாகையா அழுதான். எனக்கும் பல நாளுக்குப் பிறகு பசித்தது. சேமியா பாயசம் வைத்தேன். உர்மிளாகூட இரண்டாவது கிண்ணம் கேட்டாள்.

நாளைக்குப் பூஜை. கலசம், மாவிலை, தேங்காய் எல்லாம் தயார். தேவா களைத்துப்போய் விளக்கு வைக்கும் முன்பே படுத்துவிட்டான். இரவு மின்சாரம் வந்ததும் தானே ஏறும்படி சார்ஜரை விட்டிருக்கிறான்.

சாயங்காலம் பட்டறை வாசலில் இரண்டு பேர் நின்று படகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் என்று கேட்டதும் நடந்துவிட்டார்கள். அத்தனை பாட்டரியும் திறந்து கிடக்கிறது. போனால் படகும் போகும், தேவாவும் போவான். நானே பட்டறைக்கு இறங்கிப் போய் மூடியைப் போட்டுப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில். ஒரு ராத்திரிதானே.

ஜூலை 14, வெள்ளி

தேவா ஆஸ்பத்திரியில்.

ஜூலை 16, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் தலைக்குள் திரும்பத் திரும்ப நடக்கிறது.

சாலையில் மறியல், பூசாரி வரவில்லை. நேரம் போகிறது, நீயே ஆரத்தி காட்டு என்று நாகையாவிடம் சொன்னேன். தாலி இல்லாதவள் என்பதால் நான் வழக்கம் போலச் சுவரோரம் நின்றேன். தேவா தலை துவட்டிக்கொண்டே வந்தான். "மூடியைப் பூட்டினது யாரு?"

"நான்தான். திருட்டுப் பயம்" என்று சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவன் முகம் மாறியது. படகில் ஏறினான். பூட்டை எடுத்து மூடியைத் தூக்கி உள்ளே குனிந்தான். புது எஞ்சின் என்றால் மூடி திறந்ததும் முதல் ஆரத்தி அதற்குத்தான். எத்தனையோ எஞ்சினுக்கு நாகையா அப்படிக் காட்டியிருக்கிறான். கற்பூரத் தட்டோடு தேவாவின் பின்னாலேயே போனான்.

"வேணாம்" என்று தேவா திரும்பினான்.

லாரி டயர் வெடித்தது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். பிறகு தேவா முகத்தைப் பொத்திக்கொண்டு... உர்மிளா "பானி, பானி" என்று தண்ணீர் கேட்டுக் கத்தினாள். கையில் கிடைத்தது கலசம். மாவிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கலசத் தண்ணீரை அவன் கண்ணில் ஊற்றினாள். பிறகு குழாய். கண்ணில் பாட்டரி அமிலம்.

சிகரெட்டைத்தான் கூடாது என்றான். கற்பூரத்தை நெருப்பு என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

ஜூலை 17, திங்கள்

நாகையாவின் வலது கையில் கட்டு. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "டீசலு ஒண்ணும் பண்ணதில்லையே அம்மா. சாமிக்குத்தானே காட்டினேன்." உள்ளே வா என்றேன். வரவில்லை. டீயை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்து நானும் படியில் உட்கார்ந்தேன்.

ஓட்டல்காரர் சொல்லி அனுப்பிவிட்டார். படகு வேண்டாம். விருந்தினரே இல்லையாம். வெடிக்கும் படகு எதற்கு என்றும் கேட்டாராம்.

ஜூலை 19, புதன்

டாக்டர் உர்மிளாவிடம் பேசினார். இடது கண் போய்விட்டது. வலது கண்ணைக் காப்பாற்றலாம், ஆனால் இங்கே இல்லை, ஆக்லாந்தில். உடனே போக வேண்டும். காயம் தடித்துவிட்டால் அங்கேயும் கைவிரித்துவிடுவார்கள்.

தாழ்வாரத்தில் உர்மிளா என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு எல்லாத்தையும் பூட்டணும். அலமாரி, சர்க்கரை டப்பா, புருஷன் பட்டறை, புள்ளை. எல்லாத்துக்கும் சாவி உங்க இடுப்பில." நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள். முதுகை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன். கான்வென்ட்டில் படித்தபோது அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வந்தது.

அவள் சொன்னதில் எது பொய்?

தேவா மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் பூட்டினே என்று கேட்டுத் தொலையேண்டா. கையைக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறான். கேளேன். கேட்டால் செத்தாவது போவேன்.

ஜூலை 22, சனி

போக மாட்டேன் என்கிறான்.

உர்மிளா கெஞ்சினாள், அழுதாள், சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அசையவில்லை. "இப்ப போனா, போட்டைக் கொளுத்திட்டு ஓடிட்டான்னுதான் பேசுவாங்க. இனிமே இந்த ஊர்ல ஒருத்தனும் பாட்டரியைத் தொட மாட்டான். அது தண்ணியில ஓடணும். நான் கூட இருக்கணும். பொறவு எங்க வேணா கொண்டுபோங்க."

"கண்ணு போயிடும்டா" என்றேன்.

"போவட்டும்."

என் பிள்ளை. வேறு எப்படி இருப்பான்.

இத்தனை நாள் இவன் போகக்கூடாது என்று மாரியம்மனிடம் கேட்டேன். இன்று அதே வாயால், இவனை அனுப்பிவிடு தாயே என்று கேட்டுவிட்டு வந்தேன். இரண்டுக்கும் வழி ஒன்றுதான். அந்தப் படகு ஓட வேண்டும்.

ஜூலை 24, திங்கள்

பாதிப் பாட்டரிகள் உடைந்து கிடக்கின்றன. மீதி பிழைத்திருக்கின்றன. எது நல்லது எது கெட்டது என்று பார்ப்பதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அமிலத்தை உறிஞ்சினால் உள்ளே மிதவை நிற்கும், அது நிற்கும் கோட்டைப் படிக்க வேண்டும். நாகையாவுக்குக் கை இல்லை, தேவாவுக்குக் கண் இல்லை. ரப்பர் கையுறையும் தேவா ஆலையில் போட்ட பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நானே உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகப் படித்து, சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவனுக்குச் சொன்னேன்.

"மூணாவது சரியா படிச்சீங்களா?"

"நான் எதையாவது தவறாகப் படித்துப் பார்த்திருக்கிறாயா?"

வெடித்த பிறகு முதன்முறையாக உதட்டோரம் அசைந்தது. அந்த மூன்றாவதை மட்டும் கழற்றி எறியச் சொன்னான்.

ஜூலை 27, வியாழன்

நீலக் கம்பி எது, பச்சைக் கம்பி எது, எதன்மேல் எது. அவன் கட்டிலிலிருந்து சொல்ல, நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்து நாகையாவிடம் சொல்ல, அவன் இடது கையால் முறுக்குகிறான். விரல் வழுக்கும்போதெல்லாம் பீடி கேட்கிறான். தருவதில்லை.

முதுகு உடைகிறது. டாக்டர் இன்று உர்மிளாவிடம் பேசவேயில்லை, தலையை மட்டும் ஆட்டினாராம். நேரம் இல்லை, நேரம் இல்லை.

திங்கட்கிழமை அமாவாசை. அன்றைக்குத்தான் நீர் நன்றாக ஏறும், அதை விட்டால் பதினைந்து நாள். ஆடி அமாவாசை. தொடங்கக்கூடாத மாதம். இறக்குகிறோம்.

ஜூலை 31, திங்கள்

பூஜை இல்லை. தேங்காய் இல்லை. கரையில் அவருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு நேராகப் படகுக்குப் போனேன். அவர் போன பிறகு நான் படகில் கடலுக்குப் போனதில்லை.

உர்மிளா தேவாவைக் காரில் கொண்டுவந்தாள். இரண்டு கண்ணிலும் கட்டு. நடுப்பலகையில் என் பக்கத்தில் உட்கார வைத்தோம். மூடி அகலத் திறந்திருந்தது. நாகையா சுக்கானைப் பிடித்தான். படகு சறுக்கி நீரில் விழுந்தது, ஆடியது, நின்றது.

சிறிது நேரம் கழித்து, "எப்ப கிளம்புவீங்க?" என்றான் தேவா.

"கிளம்பியாச்சு" என்றான் நாகையா.

"பொய் சொல்றீங்க. ஒண்ணும் கேக்கல."

"சத்தம் போடாத போட்டு வேணும்னு ஒரு வருஷமா சத்தம் போட்டவன் நீதானேப்பா."

தேவா சிரிக்கவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பினான். "அம்மா. நெஜமாவே ஓடுதா?"

ஓடுகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு ராத்திரிதானே என்று எழுதிய கை என்னுடையது. என் வார்த்தையை அவன் ஏன் நம்ப வேண்டும்? அவன் மணிக்கட்டைப் பிடித்துப் படகுக்கு வெளியே தாழ்த்தி, தண்ணீருக்குள் விட்டேன்.

விரல்களுக்கு நடுவே கடல் பிளந்து போயிற்று. உர்மிளா வாயைப் பொத்திக்கொண்டாள். பவளப்பாறை அடையாளக் கம்பம் வரைக்கும் அவன் கையை எடுக்கவில்லை.

"வேகம் பத்தாது" என்றான் கடைசியில்.

"பத்தாதுதான்" என்றேன். "பாதிப் பாட்டரிதானே."

திரும்பும்போது உர்மிளாவைக் கூப்பிட்டான். "சரி. டிக்கெட் எடு."

ஆகஸ்ட் 3, வியாழன்

நாந்தி விமான நிலையம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். எல்லோரும் கையசைத்தார்கள். நான் அசைக்கவில்லை. அவனுக்குத் தெரியாதே.

நீங்களும் வாங்க என்று, விடைபெற என் காலில் விழுந்தபோது உர்மிளா சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். பாட்டரிக்கு வாராவாரம் தண்ணீர் பார்க்க வேண்டும் என்றேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

செய்தி இல்லை.

நவம்பர் 12, ஞாயிறு

காலையிலிருந்து மழை. நாகையா படகின் மேல் தார்ப்பாயைக் கூரை போலக் கட்டியிருக்கிறான். மழை உள்ளே போகாது, காற்று போகும். எதிர்த் தீவு ஆட்களைச் சனிக்கிழமை சந்தைக்குக் கொண்டுவந்து விடுகிறான். படகு வருவதே தெரியவில்லை, ஒரு மணியாவது கட்டு என்று அவர்கள் அவனைத் திட்டுகிறார்கள்.

மத்தியானம் ஆக்லாந்திலிருந்து போன். கட்டுப் பிரித்துவிட்டார்களாம். வலது கண்ணில் ஜன்னல் தெரிகிறதாம், உர்மிளா சட்டையின் மஞ்சள் தெரிகிறதாம். அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது, வீடும் பார்த்துவிட்டார்கள். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பிறகு, "அம்மா, இப்ப சார்ஜ்ல இருக்கா?" என்றான்.

"இருக்கிறது."

"மூடி?"

"திறந்துதான் இருக்கிறது."

போனை வைத்த பிறகு குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் ஒருமுறை பார்த்தேன். திறந்துதான் இருந்தது.