பக்கத்து போர்ஷன் சர்வர்

15 மே 2007, செவ்வாய். கத்திரி வெயில்.

ஆம்பூர் மக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் மாடி அறை ஃபேனின் ஒரு இறக்கை இன்று காலை உடைந்து இயற்கை எய்தியது. மீதி இரண்டும் துக்கத்தில் மெதுவாகச் சுற்றுகின்றன.

அறை, அண்ணனின் வெப் ஹோஸ்டிங் கம்பெனி. தொழில்நுட்பத் தலைவர், நான். சம்பளம், பரோட்டா. ஆறு ஷூ கம்பெனிகளின் சைட்டும் அமெரிக்காவில் ஒரே விர்ச்சுவல் சர்வரில்.

சாதனை: அந்த ஆறில் ஒரு கம்பெனி முதலாளியான கரீம் பாய் சைட்டில் பார்வையாளர் எண்ணிக்கை எகிறிவிட்டது. எப்படி? தொழில் ரகசியம்.

சோதனை: எல்லா சைட்டும் நாலு நாளாக நொண்டுகிறது. பாய் போனில்: "இன்னா தம்பி, ஜெர்மன் பார்ட்டி டீ குடிச்சிட்டு வந்து பாத்தாலும் தொறக்கலையாம். பேஜாரா கீது."

"சர்வர்னா டீ கொண்டார லேட்டாவும் பாய்."

அண்ணன் மண்டையில் ஒரு கொட்டு.

16 மே, புதன். மதியம் வரை கரன்ட் இல்லை.

அண்ணனுக்குப் பாடம் எடுத்தேன். விர்ச்சுவல் என்றால் போர்ஷன் வீடு. ஒரே மெஷின், பத்துக் குடித்தனம், ஒரே தண்ணித் தொட்டி. டெடிகேட்டட் என்றால் தனி வீடு.

"பக்கத்து போர்ஷன்காரன் எவனோ குழாயத் தொறந்து விட்டுட்டுத் தூங்குறான்ண்ணே. தனி வீடு போய்டலாம்."

"நிச்சயமாத் தெரியுமாடா?"

"யாரு சொல்றது? நான்!"

"அப்ப தனி வீட்டு வாடகைக்கு என் பைக்கை வித்துட வேண்டியதுதான்."

சும்மா சொல்கிறான் என்று நினைத்தேன்.

17 மே, வியாழன். புழுக்கம்.

சும்மா இல்லை. வாணியம்பாடியிலிருந்து ஒருத்தர் பைக் பார்க்க வந்தார். உதைத்தார், முறுக்கினார், "நாளைக்கு வந்து எடுத்துக்குறேன்" என்று போய்விட்டார். அவர் போன பிறகும் அண்ணன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். விற்கிற வண்டிக்கு எதற்கு?

"நீ சொன்னதாலதான்டா தைரியமா எறங்கிட்டேன்" என்றான்.

பரோட்டா இறங்கவில்லை.

18 மே, வெள்ளி. மேகம் மட்டும். மழை கிடையாது.

தொழில் ரகசியம்: பாயை அசத்த, அவர் சைட்டை விடாமல் தானே திறந்து திறந்து எண்ணிக்கையை ஏற்றும் புரோகிராம் ஒன்றைப் போன வாரம் சர்வரில் போட்டேன். "உலகமே உங்க ஷூவத்தான் பாக்குது பாய்" என்று பீற்றல் வேறு. நிறுத்த மறந்துவிட்டேன்.

இன்று காலை யாருக்கும் தெரியாமல் நிறுத்திப் பார்த்தேன். ஆறு சைட்டும் குதிரை மாதிரி பாய்கின்றன.

கீழே வாணியம்பாடிக்காரர் குரல். அண்ணன் சாவியோடு இறங்குகிறான். ஓடிப்போய்ச் சொல்லியாக வேண்டும்: அண்ணே, அந்தப் பக்கத்து போர்ஷன்காரன் நான்தான்.