அப்பாவின் ஒரு லீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவின் பாதத்தில் செருப்பு வாரின் தடம். கழற்றி ஒரு மணித்தியாலம் ஆகியும் அப்படியே குழிந்து கிடந்தது. விரலால் அழுத்தினேன். அந்தக் குழியும் நின்றது.

இதயம் பலவீனம், ஒரு நாளைக்கு ஒரு லீட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று கண்டி கிளினிக்கில் சொல்லி இரண்டு மாதம். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் பத்தாம் வகுப்போடு ஸ்கூலை விட்டேன். காலையில் போத்தலை நிரப்பி வைப்பேன். அது முடிந்தால் அவ்வளவுதான்.

மார்ச் 5

மத்தியானமே போத்தல் காலி.

"நாக்கு ஒட்டுது புள்ள. ஒரு மொடக்கு."

தலையாட்டி மறுத்தேன்.

"ஜெயில்காரன்கூட எரக்கப்படுவான்" என்று சிரித்தார். பாவமாக இருந்தது. வழக்கம்போல் பெரிய கப்பில் பால் கலக்காத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை குடிப்பார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவருக்கு அதையுமா நிறுத்துவது?

மார்ச் 6, வியாழன்

கிளினிக். அப்பாவின் நிறை மூன்று கிலோ கூடியிருந்தது.

"தண்ணி எவ்வளவு குடுக்கிறீங்க?" என்று நர்ஸ் மிஸ் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார்.

"ஒரு லீட்டர்" என்றேன். உண்மையைத்தான் சொன்னதாக நினைத்தேன்.

"அப்ப இவர் களவா குடிக்கிறார்."

எங்கள் ஊர் பன்வில வரும்வரை பஸ்ஸில் அம்மா பேசவில்லை. தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

"கக்கூசுக்குப் போறேன்னு போயி பீலியில ஊத்துற தண்ணியில வாய வைக்கிறீங்களா?"

"சத்தியமா இல்ல."

"கொழுந்து நிறுக்கிற தராசுதான் பொய் சொல்லும். ஆஸ்பத்திரித் தராசுமா?"



மார்ச் 8

அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் மருந்துப் பையைத் துடைத்தேன். கிளினிக்கில் முதல் தடவை கொடுத்த தாள் மடித்தபடியே கிடந்தது. தண்ணீர், தேநீர், கஞ்சி, சூப் — எல்லாம் சேர்த்துத்தான் ஒரு லீட்டர்.

எல்லாம் சேர்த்து.

நாலு கப் பிளேன்டீ. ராத்திரிக் கஞ்சி. நான்தான். நானேதான் குடுத்திருக்கேன்.

அம்மா வந்ததும் சொல்லணும்.

மார்ச் 9

சொல்லவில்லை.

பிளேன்டீயை மட்டும் நிறுத்திவிட்டேன். அப்பா காரணம் கேட்கவில்லை. "நீயும் நம்பலியா?" என்றார்.

இல்லப்பா என்றாவது சொல்லியிருக்கலாமே. ஏன் வாய் வரல எனக்கு?

மார்ச் 10, திங்கள்

விடியற்காலையில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. படுக்கவே முடியவில்லை. அடுத்த லயத்து ரவிகுமார் அண்ணனின் த்ரீவீலில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"மறுபடி ஒளிச்சுக் குடிச்சீங்களா? சொல்லுங்களேன்" என்று வழியெல்லாம் அம்மா அழுதார்.

பேச அப்பாவுக்கு மூச்சில்லை. எனக்கு இருந்தது.

மார்ச் 12, புதன்

ஒக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டார்கள். வீக்கம் பாதி வற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாமாம்.

காலையில் டொக்டர் வந்தபோது வாட்டு மிஸ் அப்பாவைக் காட்டி, "சொல் கேக்க மாட்டார், களவா தண்ணி குடிக்கிறவர்" என்றார். வாட்டில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தார்.

எழுந்து நின்றேன்.

"அப்பா களவா குடிக்கல்ல மிஸ். நான்தான் நாலு கப் பிளேன்டீ குடுத்தேன். அதையும் சேர்க்கணும்னு தெரியல்ல. தெரிஞ்ச பிறகும் சொல்லல்ல."

அப்பா திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

பின்னேரம் அம்மா வந்தார். வாட்டு வாசலிலேயே நிறுத்தி, அவரிடமும் முதலிலிருந்து சொன்னேன்.