ஃபுமினோவின் கைமணம்

செப்டம்பர் 22
ஒட்டரிசி ஊறப் போட்டேன். கல்யாணமாகி இந்த வீட்டில் எனக்கு முதல் ஒஹிகான். செத்தவர்களுக்கு ஒஹாகி என்ற இனிப்பு உருண்டை படைக்கும் வாரம். இங்கே படத்தில் இருப்பவள் இவருடைய முதல் தாரம் ஃபுமினோ. அவளுக்கு நான் இனிப்பு உருட்ட வேண்டும். தலையெழுத்து!

செப்டம்பர் 23
விடியலிலேயே எழுந்து சிவப்புப் பயறை வேகவைத்து மசித்து, சர்க்கரையும் ருசிக்குத் துளி உப்பும் போட்டுக் கிளறி, அரிசி உருண்டைமேல் பூசிப் பதினாறு செய்தேன். பத்து மணிக்கு ஃபுமினோவின் தங்கை சுமியே வந்தாள். கையில் அரக்குப் பெட்டி. அதிலும் ஒஹாகி!

"அக்கா செய்யற மாதிரியே செஞ்சேன் அத்தான்."

ஃபுமினோ படம் இருக்கும் மாடத்தில் ஏறியது அவளுடையது. என்னுடையது அடுப்படி அலமாரியில். இவர் அவளுடையதைக் கடித்து, "அப்படியே ஃபுமினோ கைமணம்" என்றார். என்னுடையதைக் கடித்து, "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு தொகியே."

வயிறு எரிகிறது. செத்தவளோடு எப்படிச் சண்டை போடுவது? அவளுக்கு வயசும் ஆகாது.

செப்டம்பர் 24
பொறாமைதான். ஆமாம். எழுதிவிட்டேன்.

அக்டோபர் 2
ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஒரு ஒஹாகி வாங்கித் தின்றேன். திக்கென்றது. சுமியே கொண்டுவந்த அதே ருசி! நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அக்காவுக்குப் பயறு வேகவைக்கவே தெரியாது. வருஷா வருஷம் கடையில வாங்கிப் பெட்டிக்கு மாத்திடுவா. நானும் அதையேதான் செஞ்சேன். அத்தான்கிட்ட சொல்லிடாதீங்க, அவ மானமே போயிடும்."

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். மாட்டினாயா ஃபுமினோ!

அக்டோபர் 3
சாப்பிடும்போது போட்டு உடைத்தேன். இவர் சூப்பை உறிஞ்சிவிட்டு, "தெரியுமே" என்றார்.

"எப்ப இருந்து?"

"முதல் வருஷமே. கடைக் காகிதம் குப்பையில கிடந்துச்சு. அவ்வளவு ஆசையா நீட்டினா, எப்படிச் சொல்றது?"

இருபது வருஷம் அவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்! எனக்கு? ஒரே ஒரு நாள்கூட முடியவில்லையா? உப்பு கூடிப்போச்சாம். கைமணத்துக்குப் பொறாமைப்பட்டதே தேவலை. இது தாங்கவில்லை — நான் என்ன பாவம் செய்தேன்?

அக்டோபர் 4
பேசவில்லை.

மார்ச் 20
மறுபடியும் ஒஹிகான்; வருஷத்தில் இரண்டு தடவை வருமே. பயறைத் தொடவே இல்லை. கடையில் எட்டு வாங்கி என் தட்டில் அடுக்கினேன். காகிதத்தை வேண்டுமென்றே குப்பைக்கூடையில் மேலாகப் போட்டேன். ஃபுமினோவுக்கு ஒன்று வைத்துவிட்டு இவரிடம் தட்டை நீட்டினேன்.

"நானே செஞ்சது."

இவர் கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றை எடுத்து மெதுவாக மென்றார்.

"இந்தத் தடவை உப்பு சரியா இருக்கு. உன் கை உன் கைதான் தொகியே."

அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, நன்றாக அழுதேன்.