உடைய மறுத்த மாத்திரை

அன்புள்ள அக்கா,

நேற்று ஒரு புதிய மருந்தியல் கல்லூரிக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன். நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஆய்வுக் குழு வருகிறது என்றாலே கோயிலுக்கு ஓடும் நான், இப்போது அந்தக் குழுவில் ஒருத்தி. அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் செய்த மாத்திரைகளை ஒரு இளம் விரிவுரையாளர் கண்ணாடித் தட்டில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஓரம் உதிராமல், பீங்கான் மாதிரிப் பளபளத்தன. அவற்றைப் பார்த்ததும் நம் பழைய ஆய்வு நாள் கண்முன் வந்து நின்றது. சாயங்காலம் பஸ் ஏறியதும் உங்களிடம் சொல்லத்தான் போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் சேரன்மகாதேவி சாலையில், வாய்க்காலை ஒட்டி இருந்தது நம் கல்லூரி. சுவரில் சுண்ணாம்பு காய்வதற்குள் வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். நான் படிப்பு முடித்த கையோடு விரிவுரையாளராக வந்தவள். நீங்களோ பாளையங்கோட்டையில் நல்ல ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள். வந்ததோடு நிற்காமல், ஊர் ஊராகப் போய் முதல் ஆண்டுச் சேர்க்கைக்குப் பிள்ளைகளையும் சேர்த்தீர்கள். அப்படிச் சேர்ந்த இசக்கியம்மாளின் அப்பா வயலில் இருந்து அப்படியே ஏறி வந்து, சேற்றுக்காலோடு உங்களிடம் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "டீச்சரம்மா, எனக்கு இந்தப் படிப்பப் பத்தி ஒண்ணும் தெரியாது. உங்க பேச்ச நம்பித்தான் பிள்ளைய விடுதேன்."

அந்த வாக்கியம்தான் பிறகு நம் இரண்டு பேரையும் தூங்கவிடாமல் செய்தது.

புதுக் கல்லூரிக்கான நடைமுறை அப்படி. முதலில் சேர்ந்த பிள்ளைகள் கடைசி ஆண்டுக்கு வந்த பிறகுதான் முழு அங்கீகாரத்துக்கு ஆய்வு. பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தாலும், டெல்லியில் இருக்கும் மருந்தியல் கவுன்சில் ஏற்றுக்கொள்ளாவிட்டால் பிள்ளைகள் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரவோ மருந்துக்கடை வைக்கவோ முடியாது. நான்கு வருஷம் படித்ததும் படிக்காததும் ஒன்றாகிவிடும். ஆய்வு நடந்த மாதம் முழுக்க நான் காந்திமதி அம்மன் சந்நிதியில் என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். நீங்கள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தீர்கள். "எதுக்குட்டி இப்படிப் பயப்படுத? அவிய வருவாவ, பாப்பாவ, போவாவ." சொல்லிவிட்டு, ஆய்வகக் கதவைப் பூட்டினோமா என்று மூன்றாம் தடவையாகப் பார்க்கப் போனீர்கள்.

அது ஐப்பசி மழைக்காலம். காற்றில் ஈரம் ஏறி, பிள்ளைகள் செய்த மாத்திரைகள் ஓரம் உதிர்ந்துகொண்டே இருந்தன. குழு வருவதற்கு முந்தின நாள் கல்லூரி முதல்வர் வந்து ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். மாவு ஒட்டியது. "மெட்ராஸ் கம்பெனி மாத்திரை மாதிரி பளிச்னு இருக்கணும்மா. அவங்க கண்ணுக்கு மொதல்ல படுறது அதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும், கையால் சுற்றி மாத்திரை அடிக்கும் அந்தச் சிறிய இயந்திரத்தில் மேல் அச்சை இன்னும் கீழே இறக்கி அழுத்தத்தைக் கூட்டினீர்கள். அடுத்து விழுந்த மாத்திரைகள் கல்லாக விழுந்தன, அத்தனை அழகு. நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். மருந்து படித்த இரண்டு பேர், மாத்திரை எதற்கு இருக்கிறது என்பதையே பயத்தில் மறந்துவிட்டோம்.

குழுவில் இரண்டு பேர் வந்தார்கள். வடக்கத்திக்காரர் நூலகத்துக்குப் போய்விட்டார். கேரளத்துப் பேராசிரியர் நம் ஆய்வகத்துக்கு வந்தார். மாத்திரைகளைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தமிழிலேயே சொன்னார். முதல்வர் முகம் மலர்ந்தது. பேராசிரியர் ஆறு மாத்திரைகளை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஏறி இறங்கும் குழாய்க் கூடையில் போடச் சொன்னார். கால் மணி நேரத்துக்குள் அவை உடைந்து கரைய வேண்டும்.

கூடை ஏறி இறங்கியது. மாத்திரைகள் போட்டபடியே கிடந்தன. இசக்கியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "பைய, பைய. தண்ணிக்கும் நேரம் வேணும்லா" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னீர்கள். சொன்னபடியே பிடியை இறுக்கினீர்கள். உங்களுக்கும் பயம் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது, அது என் பயத்தை இரண்டு மடங்காக்கியது.

கால் மணி நேரம் முடிந்தது. ஒன்றுகூட உடையவில்லை. முதல்வர் கனைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் வோல்டேஜ் கம்மி, தண்ணீர் சரியாகச் சூடேறியிருக்காது என்றார். பேராசிரியர் பேனாவைத் திறந்தார். நீங்கள் என் கையை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் போனீர்கள். நான் உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் நிற்கவில்லை.

"தண்ணி சூடாத்தான் இருக்கு சார். நேத்து நாந்தான் அழுத்தத்தக் கூட்டினேன், பாக்க அழகா இருக்கட்டும்னு. பிள்ளைங்க சரியாத்தான் செஞ்சிருந்தாங்க. இத ஒரு சீக்காளி முழுங்கினா முழுசா அப்படியே வெளிய போயிரும். இத நாங்க யாருக்கும் குடுக்க மாட்டோம்."

முதல்வர் தலையில் கை வைக்காததுதான் பாக்கி. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். சேற்றுக்காலோடு நின்ற அந்த அப்பாவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் தேட ஆரம்பித்துவிட்டேன். பேராசிரியர் பேனாவை மூடி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பிள்ளைகள் செய்யட்டும். நான் பார்க்கிறேன்."

இசக்கியம்மாள் அச்சை மேலே தூக்கி அழுத்தத்தைக் குறைத்தாள். நாலைந்து அடித்து, ஒன்றை இரண்டு விரலால் ஒடித்துப் பார்த்து, தலையாட்டிவிட்டு மறுபடி அடித்தாள். ஓரம் லேசாக உதிர்ந்த, அழகில்லாத மாத்திரைகள். கூடை மறுபடி இறங்கியது. நீங்கள் திரும்பி வந்து என் மணிக்கட்டை அதே இடத்தில் பிடித்தீர்கள், நகம் பதிய. கொஞ்ச நேரத்தில் ஒரு மாத்திரை விரிந்து, வெள்ளைப் புகையாகத் தண்ணீரில் கலைந்தது. பிறகு மற்றவையும்.

பேராசிரியர் குறிப்பு எழுதிக்கொண்டு போனார். பதில் வர தை பிறந்துவிட்டது. அதுவரை டெலிபோன் மணி அடித்தால் உங்களைத்தான் எடுக்கச் சொல்வேன். அங்கீகாரம் வந்த அன்று நீங்கள் இசக்கியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். சிரிப்பீர்கள் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். அவள் இப்போது டவுணில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறாள்.

நேற்று அந்தப் பளபளக்கும் மாத்திரைகளை நானும் தண்ணீரில் போடச் சொன்னேன். உடையவில்லை. அந்தக் கல்லூரி முதல்வர் கரண்டைக் குறை சொல்லத் தொடங்கினார். நான் அந்த இளம் விரிவுரையாளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஓர் அடி முன்னால் வந்து, "அழுத்தத்த நான்தான் கூட்டினேன் மேடம்" என்றாள். "கொறச்சு இன்னொரு தடவ அடிங்க. நாங்க இருக்கோம்" என்றேன்.

இரண்டாம் தடவை கூடை இறங்கியபோது அந்த அறையில் அவளைவிட அதிகமாகப் பயந்தவள் நான்தான். உடையாவிட்டால் அதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். அதை விழுங்கப்போகிறவரை நினைத்தால் எழுதாமல் இருக்க முடியாது. அவளை நினைத்தால் எழுதவும் முடியாது. கடைசியில் உடைந்தது அக்கா. ஆறும் உடைந்தன.

உங்களிடமிருந்து எனக்குத் தைரியம் வந்து சேரவில்லை. பயம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அது எனக்குப் போதும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் நகத் தடம் இருந்தது. நானே பிடித்திருக்கிறேன், நீங்கள் பிடித்த அதே இடத்தில்.